விமானம் மாறும் ஊர்

என் அண்ணனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஏரோப்ளேன்' என்றால் தபால்காரருக்கும் தெரியும், தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் தெரியும். பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேலே, ஆள் ஏறினால் கிறீச்சிடும் ஒரு மரப் படிக்கட்டு. அதன் முடிவில் எங்கள் டிக்கெட் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு நீள பெஞ்சு, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு உலகப் படம். ஒரு மேசை அவருடையது, இன்னொன்று என்னுடையது. விசா வேலை என் பொறுப்பு. வருகிறவர்களோடு சண்டை போடும் வேலையும் எனக்குத்தான். அண்ணனுக்கு யாரிடமும் முகத்தை முறித்துப் பேச வராது. எனக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் வராது.

இந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களில் பாதிப் பேரை அனுப்பியது அவர்தான். ஆனால் அவர் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. கேட்டால், "எல்லாரும் கிளம்பிட்டா கடையை யார் பாக்கிறது?" என்பார்.

டிக்கெட்டைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிற ஆள் இல்லை அவர். முதல் தடவையாகப் போகிறவர்களை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பார். பெஞ்சுதான் விமானம், என் மேசைதான் இமிகிரேஷன். நான் மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "எங்கே போறீங்க?" என்று அதட்ட வேண்டும். அதற்கு எனக்குப் பெரிய நடிப்பு ஒன்றும் தேவைப்படாது. புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பயத்தில், நடுவில் விமானம் மாறும் ஊரின் பேரைச் சொல்லிவிடுவார்கள். அண்ணனுக்குக் கோபம் வருகிற ஒரே இடம் அது.

"அது நீங்க போற ஊர் இல்லைங்க. அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்து போகப் போறீங்க, அவ்வளவுதான். யாரைப் பாக்கப் போறீங்களோ அவங்க இருக்கிற ஊரைச் சொல்லுங்க. அதைச் சொல்ல என்ன வெக்கம்?" என்பார்.

ஊருக்கே இப்படிச் சொல்லிக் கொடுத்த மனுஷன் தன் சொந்த விஷயத்தில் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்ல எனக்கு நாக்கு கூசத்தான் செய்கிறது. கூடப் பிறந்துவிட்டேனே, என்ன செய்ய!

அவருக்கு ஒரே மகள். குடிநீர்க் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியர். கம்பெனி அவளை மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. "ஒரு வருஷம்தாம்பா, ஓடியே போயிடும்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாள். அங்கே நிலம் அளக்கிற சர்வேயர் ஒருவர். குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர் குறித்துக் கொடுப்பார், இவள் பின்னாலேயே பள்ளம் தோண்டவைப்பாள். அப்படியே பேசிப் பழகி, ஒரு நாள் அப்பாவுக்குப் போன் செய்து, அவரைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டாள்.

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்மா" என்று மென்று விழுங்கினார். பிறகு குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார். கல்யாணத்தை அங்கேயே பதிவு செய்துகொண்டார்கள். "இங்க சீசன் நேரம், டிக்கெட் வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று சொல்லி அண்ணன் போகவில்லை. அண்ணியையும் போகவிடவில்லை.

அண்ணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாப்பிள்ளை கறுப்பா இருக்கார்னுதானே உங்களுக்கு? நீங்க மட்டும் பால்லயா குளிச்சுப் பொறந்தீங்க? கண்ணாடி பாத்து எத்தனை நாளாச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

இந்த நாலு பேரை நான் பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். நமக்கு ஒரு கஷ்டம் என்றால் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், அண்ணன் தலைக்குள் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் அண்ணியின் தம்பி வீட்டுக்கு மாடி கட்டி, சொந்தக்காரர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் ஹார்டுவேர்க் கடை வைத்திருக்கிறவர், குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். பந்தியில் யாரோ கேட்டார்கள்: "ஏரோப்ளேன், மக இப்போ எங்க இருக்கா?"

"பாரிஸ்ல" என்றார் அண்ணன், கண்ணிமைக்காமல்.

"மாப்பிள்ளை?"

"அவரும் அங்கதான். இன்ஜினியரிங் லைன்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வரும்போது, "ஏண்ணே இப்படி வாய் கூசாம?" என்று பிடித்துக்கொண்டேன். "முழுப் பொய் இல்லைம்மா. அவ பாரிஸ்ல விமானம் மாறித்தானே போறா" என்றார். அண்ணனாகப் போய்விட்டார், வேறு யாராவது என்றால் நடுத்தெருவிலேயே வாங்கு வாங்கு என்று வாங்கியிருப்பேன். ஆனால் நானும் யாரிடமும் போய் உண்மையைச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு பாரிஸ் எங்கள் வீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் படம் ஒன்றுகூட வீட்டில் மாட்டவில்லை. அவர் போனில் வந்து, கற்றுக்கொண்ட தமிழில் உற்சாகமாக, "மாமா, சாப்டாச்சா?" என்று கத்துவார். அண்ணன், "எஸ், எஸ்" என்று சொல்லிப் போனை அண்ணியிடம் தள்ளிவிடுவார். அவ்வளவுதான் மாமனாருக்கும் மருமகனுக்கும் இருந்த பேச்சு.

இப்படி இருக்கும்போதுதான் மகள் கர்ப்பமானாள். பிரசவத்துக்கு அம்மா வந்தால் போதும் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். இவள் அப்பா செல்லம்.

"அப்பா, நீங்களும் வரணும். நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம். ஊரையே அனுப்பிவெச்சீங்களே, உங்க பொண்ணுகிட்ட ஒரு தடவை வரமாட்டீங்களா?"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வர்றேம்மா, கண்டிப்பா வர்றேன்" என்றார். அது மட்டும் பொய் இல்லை. அவளைப் பார்க்க அவருக்கு உயிர் துடித்தது. அது எனக்குத் தெரியும். மகளைப் பார்க்க வேண்டும், ஆனால் மகள் இருக்கிற இடம் வெளியே தெரியக் கூடாது. அந்த மனுஷன் பட்ட பாடு அதுதான்.

பயண ஏற்பாடு தொடங்கியது. ஊராருக்கு ஒலிபெருக்கி வைத்த மாதிரி ஏற்பாடு செய்கிறவர், தனக்கு என்று வந்ததும் கிசுகிசுத்தார். படிக்கட்டு கிறீச்சிட்டால் போதும், கம்ப்யூட்டரில் திறந்திருந்த விமானப் பட்டியலை மூடிவிட்டு வானிலை பார்க்கிற மாதிரி பாவனை செய்வார். மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போக முடியாது. அதற்கு வேறு ஊருக்குப் போக வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு இருவரும் போய்வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி லேசுப்பட்டவள் இல்லை. "கல்யாணத்துக்குப் போயிட்டு ரெண்டு பேரும் ஒரே கையைத் தூக்க முடியாம வந்திருக்கீங்களே, பந்தியில அடிதடியா?" என்று கேட்டாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அங்கே நடந்த ஏற்பாடோ வேறு மாதிரி. மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் சம்பந்தி, படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. அந்த ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லையாம். மருமகளின் அப்பா அம்மா வருகிறார்கள் என்று படகுக்காரர்கள், மீன் விற்கிறவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் வரைக்கும் சொல்லிவிட்டார். அவர்கள் தங்கப்போகிற அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார். மகள் வாரா வாரம் அவர் கேட்ட கேள்விகளைப் போனில் சொல்வாள். அப்பாவுக்கு ஜன்னல் பக்கம் படுக்கப் பிடிக்குமா? கடல் இரைச்சலில் தூக்கம் வருமா? படகில் போனால் தலை சுற்றுமா? அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார், சொல்லிவிட்டு உலகப் படத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பார். அந்த மனுஷர் அங்கே ஊரைக் கூட்டுகிறார், இவர் இங்கே கதவைச் சாத்துகிறார். எனக்கு மானம் போகிற மாதிரி இருக்கும்.

தடுப்பூசி போட்டு வந்த அடுத்த வாரமே படிக்கட்டு அதிர ஹார்டுவேர்க் கடைக்காரர் ஏறி வந்தார்.

"என்ன மச்சான், பாரிஸ் கிளம்பறீங்களாம், வாயையே திறக்கலையே! அக்கா சொல்லித்தான் தெரியும். என் பையனும் அங்கதானே இருக்கான், மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்தப் பையனுக்கு டிக்கெட் போட்டதே அண்ணன்தான். பாரிஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். மகள் பிரசவத்துக்குப் போகிறோம் என்று அண்ணி தம்பியிடம் சொன்னது வாஸ்தவம்தான்; பாரிஸ் என்று அவள் வாயால் சொல்லவில்லை. அவராகவே சேர்த்துக்கொண்டார். கையில் ஒரு பெரிய பார்சல் வேறு. இரண்டு ஸ்வெட்டர், ஒரு போர்வை, ஒரு குக்கர்.

"குக்கர் எதுக்குப்பா?" என்று நான் கேட்டேன்.

"அங்க கிடைக்கிற குக்கர் விசிலே அடிக்கலையாம்" என்றார் அவர்.

பிறகு கேட்க வேண்டுமா? செய்தி பரவிவிட்டது. கீழே மருந்துக் கடைக்காரர் தன் கொழுந்தியாளுக்கு ஒரு பை கொடுத்தார். ஒரு டீச்சர், அங்கே படிக்கிற தன் அண்ணன் மகனுக்கு ஷூ கொடுத்தார். யாருக்கும் இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு வரவில்லை. வாங்கி வாங்கி என் மேசைக்குப் பின்னால் அடுக்கினார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் குக்கரில் இடித்தது.

"அண்ணே, இதையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க? பாரிஸ் ஏர்போர்ட்ல வெச்சிட்டு ஓடிடப் போறீங்களா?"

"அங்கருந்து தபால்ல போட்டுடலாம்னு பாக்கறேன்."

"அடக் கடவுளே! விமானம் மாறுற நேரத்துல, ஏர்போர்ட்டுக்குள்ள, குக்கரைத் தூக்கிக்கிட்டுத் தபாலாபீஸ் தேடப் போறீங்களா? ஒத்திகை வேணா பாத்துக்கலாமா?"

அவர் குக்கரை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைத்தார். எனக்கே பாவமாகிவிட்டது, சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையனே பாரிஸிலிருந்து வீடியோவில் வந்தான். ஹோட்டல் ஏப்ரனோடு நின்றுகொண்டு ஒரே சந்தோஷம்.

"மாமா, லீவு போட்டாச்சு! ஏர்போர்ட்டுக்கு நான் வந்துடறேன். உங்களை அக்கா வீட்டுல நானே கொண்டுபோய் விடறேன். ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு அக்காவை ஒரு தடவைகூடப் பாக்கலைன்னு அப்பா திட்டிக்கிட்டே இருக்கார்."

"உனக்கு எதுக்குப்பா அலைச்சல்? அக்காவே வந்துடுவா."

"நிறைமாசத்துலயா? என்ன மாமா நீங்க! சரி, நான் அக்காகிட்டயே பேசிக்கறேன்."

"வேணாம்ப்பா, அவளுக்குத் தொந்தரவு..." என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் போன் கட் ஆகிவிட்டது. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளை உடனே கூப்பிட்டு முந்திக்கொள்ளலாமா என்றார். கூப்பிட்டு என்ன சொல்வது என்று நான் கேட்டேன். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் எங்க இருக்கேன்னு அப்பா சொல்லி வெச்சிருக்கார்?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தித் தப்பித்திருப்பேன். "பாரிஸ்" என்று சொன்னேன். சொன்னதும் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"எப்போலருந்து?"

"உன் கல்யாணம் ஆனதுலருந்து கண்ணு."

அப்பாவிடம் கொடுங்கள் என்றாள். எங்கள் போன் பழசு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் எல்லாம் கேட்கும்.

"அப்பா, அம்மாவை மட்டும் அனுப்புங்க."

"நான் சொல்றதைக் கேளும்மா. ஊர் வாய்க்குப் பயந்துதான்..."

"தெரியும்பா. எனக்கு உங்க மேல கோபம்கூட வரலை. பயமாத்தான் இருக்கு. நீங்க இங்க வந்து இறங்கினதும் என் மாமனார் ஓடி வந்து உங்க கையைப் பிடிப்பார். அந்த நேரத்துல உங்க முகம் எப்படிப் போகும்னு நினைச்சாலே பயமா இருக்கு. அவர் அதைப் பாத்துடக் கூடாது. அதனால வேணாம்பா."

அண்ணன் போனை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போது டிக்கெட் கேட்டு ஏறி வந்தவரை, "நாளைக்கு வாங்க" என்று நானே விரட்டினேன். வெகு நேரம் கழித்து அண்ணன் எழுந்தார். ஸ்வெட்டர், போர்வை, குக்கர் எல்லாவற்றையும் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டார்.

"எங்கே?" என்றேன்.

"திருப்பிக் குடுத்துட்டு உண்மையைச் சொல்லிட்டு வர்றேன். அப்புறம் அவகிட்டச் சொன்னா மனசு இறங்குவா."

தனியாக விட மனசு வரவில்லை, ஷூவையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். மருந்துக் கடையில் முதல் அடி. "அங்கயா கட்டிக் குடுத்தீங்க? ஐயோ பாவம்" என்றார் கடைக்காரர், எழவு விசாரிக்கிற குரலில். டீச்சர் ஷூவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் கூனிக் குறுகிப் போனார். ஆனால் நிறுத்தவில்லை. அதை மட்டும் அவருக்காகச் சொல்ல வேண்டும்.

ஹார்டுவேர்க் கடையில் ஆணியும் பெயின்ட்டும் வாங்க ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அண்ணன் காத்திருக்கவில்லை. கவுன்ட்டர்மேல் குக்கரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"மச்சான், என் மக பாரிஸ்ல இல்லை. ஆப்பிரிக்காவுல இருக்கா. மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர்தான். வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

ஹார்டுவேர்க்காரருக்கு முகம் சிவந்தது.

"என் பையன் அங்க லீவு போட்டுட்டு உக்காந்திருக்கான். என்கிட்டயேவா மச்சான்? நான் என்ன உங்க பொண்ணைத் தின்னுடுவேனா?"

அவர் மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். நல்ல மனசுக்காரி. கணவரைக் கையமர்த்திவிட்டு, "விடுங்க, ஆனது ஆச்சு. மாப்பிள்ளை எப்படிண்ணே? நல்ல மாதிரியா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்ல பையன்" என்றார் அண்ணன்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

அண்ணன் விழித்தார். என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

"பேச்சு எப்படி? கலகலப்பா, அமைதியா? நம்ம பொண்ணு வாயாடியாச்சே, அவளைச் சமாளிக்கிறாரா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. சொந்தக்காரி கேட்கிற சாதாரணக் கேள்விகள்தான். இத்தனை நாளில் மாப்பிள்ளை தன்னிடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் விசாரிக்க அவர் இடம் கொடுத்ததே இல்லை. உண்மையைச் சொல்லத் துணிந்து வந்தவருக்கு, சொல்ல ஒரு வாக்கியத்துக்குமேல் உண்மை கைவசம் இல்லை. "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேம்மா" என்று முனகிவிட்டு வெளியே வந்தார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சொன்னது நல்லதுப்பா. எனக்குச் சந்தோஷம்."

"அப்போ நானும் அம்மாவோட..."

"அம்மா மட்டும் வரட்டும்பா."

மறுபடியும் கேட்டுக் கெஞ்சியிருக்கலாம். அண்ணன் கேட்கவில்லை. என் எதிரேயே உட்கார்ந்து, தன் கையாலேயே தன் டிக்கெட்டை ரத்து செய்தார். அண்ணி கிளம்புகிற அன்று வழியனுப்பிவிட்டு வந்து, யாருக்கோ ரயில் டிக்கெட் போட உட்கார்ந்துவிட்டார்.

பேத்தி பிறந்தாள். சுகப் பிரசவம். செய்தி வந்ததும் அண்ணன் மேசை, நாற்காலி, ஃபேன் என்று ஆபீஸையே துடைக்க ஆரம்பித்தார். சந்தோஷமோ துக்கமோ, கையில் துணியை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். மேசைமேல் ஏறி நின்று ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வீடியோ கால் வந்தது. நான் போனை எடுத்து, கீழே நின்றபடியே அவரைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன்.

அங்கே அறை நிறைய ஆட்கள். கட்டிலில் மகள், பக்கத்தில் அண்ணி. மகள் தோளில் கை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை. உயரமான, நரைத்த தலையுள்ள ஒருவர் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி முன்னால் வந்தார். அவர்தான் சம்பந்தி. அண்ணனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. குழந்தையைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு சட்டென்று முகம் மாறி, கவலையாக ஏதோ கேட்டார். அறையில் இருந்தவர்களும் கவலையாகப் பார்த்தார்கள்.

மகள் எங்களிடம் தமிழில் சொன்னாள். கண் மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா கேக்கறார்ப்பா. முதுகெலும்புல அவ்வளவு வலி, படுக்கையை விட்டே எழுந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம், ஏன் மேசைமேல நிக்கறீங்கன்னு கேக்கறார்."

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணனுக்கு என்ன முதுகு வலி? கல்லு மாதிரி இருக்கிற மனுஷன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் புரிந்தது. அப்பா ஏன் வரவில்லை என்று கேட்ட அத்தனை பேருக்கும் மகள் சொல்லியிருந்த பதில் அது.

அண்ணனுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. துணியைக் கீழே போட்டார். முதுகில் ஒரு கையை வைத்து, முகத்தைச் சுளித்து, மெள்ள மெள்ள மேசையிலிருந்து இறங்கினார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதில் படுத்தார். நான் போனை அவருக்கு மேலே பிடித்தேன்.

"இப்போ கொஞ்சம் பரவாயில்லைன்னு சொல்லும்மா. எழுந்திருக்க முடிஞ்சிருந்தா ஓடியே வந்திருப்பேன்னு சொல்லு."

அவள் சொன்னாள். சம்பந்தி நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படியும், தான் அவருக்காகத் தினமும் வேண்டிக்கொள்வதாகவும் சொன்னாராம். "மாமா, ரெஸ்ட்! ரெஸ்ட்!" என்றார் மாப்பிள்ளை. அண்ணன் எல்லாருக்கும் கும்பிட்டார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டாள். போன் கட் ஆகிவிட்டது.

அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. "எழுந்திரிங்கண்ணே, யாராவது வந்துடப் போறாங்க" என்றேன்.

"என்னைச் சொல்ல அவளுக்கு வெக்கமா இருக்கும்மா. நான் அவளைப் பாரிஸ்னு சொன்னேன், அவ என்னை நோயாளின்னு சொல்லிட்டா."

படிக்கட்டு கிறீச்சிட்டது. யாரோ டிக்கெட்டுக்கு வந்தார்கள். அண்ணன் அப்படியே படுத்திருந்தார். என்ன ஆயிற்று என்று வந்தவர் கேட்டார்.

"முதுகு வலிங்க" என்றார் அண்ணன்.